களி, வளி, ஒளி

சிவப்புக் காயை டம்ளருக்குள் போட்டபோது டங்கென்று சத்தம் வந்தது. அந்தச் சத்தம் பெத்துராஜின் வயிற்றுக்குள் போய் விழுந்தது. கேரம் பலகையில் ராணியாக இருக்கவேண்டிய காய், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் இந்த வீட்டில் அது வாள் பிடித்த ஒரு வீராங்கனை. தரையில் சார்ட் பேப்பரில் வரைந்து விரித்த கோட்டை, கோட்டைக்கு நடுவே ஓர் எவர்சில்வர் டம்ளர், டம்ளர்தான் உறக்கக் கிணறு, கிணற்றுக்குள் விழுந்து கிடப்பவள் குழலி ஆடும் பாத்திரம். பாத்திரத்துக்கும் குழலி என்றே பெயர். வேறு பெயர் யோசிக்கச் சோம்பல்பட்டுக்கொண்டு தன் பெயரையே வைத்துவிட்டாளாம். கொஞ்சம் மெனக்கெட்டு ஒரு ராணி, ஒரு மாலா, ஒரு சுந்தரி என்று வைத்திருக்கக் கூடாதா என்று பெத்துராஜ் நினைத்தான். ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடுகிற இந்தக் கதையை நடத்துகிற நந்தகோபன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "உறக்கக் கிணத்துல விழுந்தவங்களை மேல கொண்டுவர ஒரே வழிதான். மந்திரவாதி பேர் சொல்லிக் கூப்பிடணும். ஒரு தடவைதான். அது தன் பேர்தான்னு உள்ள இருக்கறவளுக்குத் தோணணும். தோணலைன்னா அவ்வளவுதான், அவ போயாச்சு. பெத்து, நீ யோசி. நான் டீ போட்டுட்டு வந்துடறேன். வீட்டுல இருக்கறதே நாலு டம்ளர், வடிகட்டறதுக்குள்ள அந்த டம்ளர் எனக்குக் காலியா வேணும். உயிரோட வந்தாலும் சரி, செத்தாலும் சரி." சொல்லிவிட்டு சமையலறைக்குப் போனார். லைட்டர் இரண்டு முறை சொடுக்கி மூன்றாவதில் அடுப்பு பற்றிக்கொண்ட சத்தம் கேட்டது.

மந்திரவாதி என்றால் பெத்துராஜ்தான். எதிரே குழலி முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து டம்ளருக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடமாக அவள் வளர்த்த வீராங்கனை. எந்தப் போரில் எந்தத் தழும்பு என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வாள். சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் அந்தச் சிரிப்பு உதட்டில் ஒட்டவைத்ததுபோல் இருந்தது. பக்கத்தில் ஷாகுல், கதையில் திருடன், சாத்தூர் காராச்சேவுப் பொட்டலத்துக்குள் கையை விட்டபடி, "இன்னா மச்சான், மூஞ்சப் பாத்தா நீதான் கெணத்துல வுயுந்த மாரி கீற" என்றான். பெத்துராஜ் சிரித்தான். சிரிப்பதற்கு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, அது ஒரு வசதி. ஒரு பெயர். மூன்றே எழுத்து. நடுவில் இருக்கும் எழுத்துதான். அந்த ஓர் எழுத்தைத் தவிர தமிழில் மற்ற எழுத்தெல்லாம் அவனுக்கு வரும். நாக்கை மடக்கு, மேலே கொண்டுபோ, தொடாதே, தொடாமல் நிறுத்து. தொட்டால் கெட்டது. அவன் நாக்கு தொட்டுவிடும். பிறந்ததிலிருந்து தொட்டுப் பழகிய நாக்கு, அம்மாவின் நாக்கு தொடும், அப்பாவின் நாக்கு தொடும், தெருவில் உள்ள அத்தனை நாக்கும் போய்த் தொடும், அதனால் கல்லூரிக்குப் போகிறவரை அங்கே இன்னொரு எழுத்து இருப்பதே காதில் விழுந்ததில்லை. எழுத்தில் தெரியும், பரீட்சையில் பிழை வராது. வாயில்தான் வராது.

உதட்டை மூடிக்கொண்டு உள்ளுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். மனசுக்குள் சொல்லும்போது சுத்தமாகத்தான் வருகிறது. மனசுக்குள் அவன் செய்தி வாசிப்பவன் மாதிரி. ஆனால் இந்த வீட்டில் மனசுக்கு மதிப்பில்லை, அதுதான் நந்தகோபனின் முதல் விதி. மந்திரம் தமிழில்தான் சொல்ல வேண்டும், வாயிலிருந்து எது வந்ததோ அதுவே நடக்கும், நினைத்தது நடக்காது. ஷாகுல் இவனை இங்கே அழைத்து வந்தபோது இதையெல்லாம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மேன்ஷன் அறையில் தனியாகப் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்ப்பதற்கு, வா, பகடை உருட்டலாம், கதை மாதிரி போகும் என்றுதான் சொன்னான். முன்பு மந்திரவாதியாக ஆடியவர் பெங்களூருக்கு மாற்றலாகிப் போனதால் காலியாக இருந்தது அந்த ஓர் இடம்தான். பகடையை உருட்டினால் போதும் என்று நினைத்து உட்கார்ந்தான். முதல் ஞாயிறே ஆற்று வெள்ளத்தில் அவனுடைய மந்திரக்கழி அடித்துக்கொண்டு போனது. திரும்ப வரவழைக்க வேண்டும். அலுவலகத்தில் தன்னைவிடப் பெரியவர், தமிழ்ப் புத்தகமாக வாங்கிக் குவிப்பவர், அவர் எதிரே உட்கார்ந்துகொண்டு கையை நீட்டி, "என் மந்திரக்களி என் கைக்கு வரட்டும்" என்றான். நந்தகோபன் பேனாவைக் கீழே வைத்தார். "வந்தாச்சு. ஆவி பறக்க, உருண்டையா, உன் உள்ளங்கையில. சூடு தாங்குதா?" என்றார். ஷாகுல் அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்து சிரித்தான். பெத்துராஜுக்குக் காதுமடல் சுட்டது, இப்போதும் நினைத்தால் சுடுகிறது, தொட்டுப் பார்த்தான், சுட்டது. அந்த நேரத்தில் எங்கிருந்தோ, எந்தச் சாமி புண்ணியத்திலோ, "கேப்பைக் களியாண்ணே? தொட்டுக்கக் கருவாட்டுக் கொளம்பு கிடைக்குமா?" என்று வாயில் வந்துவிட்டது. அவ்வளவுதான், வீடே அதிர்ந்தது. களியைக் கொள்ளைக்காரர்களுக்கு உருட்டிக் கொடுத்து அவர்களை நண்பர்களாக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தார்கள். வேண்டுமென்றேதான் சொன்னான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவன் இல்லை என்று சொல்லவில்லை. சொல்வதற்கு வாயைத் திறந்தான்தான், அதற்குள் நந்தகோபன் அவன் முதுகில் தட்டிவிட்டார். தட்டிய கை நல்ல கனமான கை. அந்தக் கை முதுகில் இருக்கும்போது எப்படிச் சொல்வது?

சமையலறையில் பால் பாக்கெட்டை வெட்டும் சத்தம். அடுத்த ஞாயிறு இன்னும் மோசம். கோட்டை வாசலில் பெரிய கல்பூதம், அது நகர வேண்டும், வழி விட வேண்டும். வாரம் முழுக்க அவன் அந்த எழுத்து இல்லாத சொற்களாகச் சேர்த்து வைத்திருந்தான், நகரு, விலகு, தள்ளிப் போ, ஒதுங்கு, அத்தனையும் பையில் காசு மாதிரி பத்திரமாக இருந்தன, ஆனால் பகடை உருண்டு எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்த கணத்தில் பை காலி. "கல்லே, வளி விடு!" நந்தகோபன் கண்ணை மூடிக்கொண்டார். வளி என்றால் பழைய தமிழில் காற்று. அது நந்தகோபனுக்குத் தெரியும், பெத்துராஜுக்கும் தெரியும், ஷாகுலுக்குத் தெரியாது, எடுத்துச் சொன்னார்கள், சொன்ன பிறகு ஷாகுலைச் சமாளிக்க முடியவில்லை. கல்பூதம் காற்று விட்டது. ஆயிரம் வருடமாக அடக்கி வைத்திருந்த காற்று. காவலுக்கு நின்ற பிசாசுகளெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட, அவர்கள் கர்ச்சீப் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். "கல்லுக்கே கேஸ் டிரபுள் குட்த்தியே மச்சான்" என்று வாரம் முழுக்க லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் ஷாகுல் சொன்னான். நந்தகோபன் இன்னும் ஒரு படி மேலே போனார். சிலேடை, சிலேடை என்று அவர் காண்கிறவரிடமெல்லாம் சொல்லி, இப்படி ஒரு ஆளை டீமுக்குள்ளேயே வைத்துக்கொண்டு தெரியாமல் இருந்துவிட்டோமே என்று வருத்தப்பட்டு, அலுவலகத்தில் பொங்கல் விழாவுக்குத் தொகுப்பாளர் பெத்துராஜ்தான் என்று வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டார். பொங்கல் விழா. அதைப் படித்தபோது கையில் இருந்த போன் கனத்தது.

ஏனென்றால் விழா என்ற சொல்லை அவன் ஒருமுறை மைக்கில் சொல்லியிருக்கிறான். கல்லூரி முதல் வருடம், துறை நிகழ்ச்சி, நன்றியுரை சொல்ல ஆள் வராமல் நல்ல மார்க் எடுத்த பையன் என்று அவனை மேடையில் ஏற்றினார்கள். புதுச் சட்டை, மடிப்புக் கலையாத சட்டை, அப்பா, தான் வேலை பார்க்கும் சேவுக் கடை முதலாளியிடம் சொல்லி சாத்தூரிலிருந்து கொடுத்துவிட்ட சட்டை. "இந்த விளாவுக்கு வருகை தந்திருக்கும்" என்று ஆரம்பித்தான். முன்வரிசையில் ஒரு பேராசிரியர், கெட்டவர் இல்லை, சிரிக்க வைக்க ஆசைப்படுகிறவர், "விளா மரத்துக்கா தம்பி இத்தனை பேரும் வந்திருக்கோம்?" என்றார். அரங்கம் முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து மூன்று வருடம் அவன் பெயர் விளாம்பழம். அதையும் அவன்போலவே சொல்லிக் காட்டுவார்கள், விளாம்பளம். ஹாஸ்டல் குளியலறையில் குழாயைத் திறந்து விட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் நின்று பழகினான். பழம், பழம், பழம். பத்தில் ஒன்று வரும். வந்த சந்தோஷத்தில் அடுத்தது தப்பிவிடும். சில நாள் எல்லாவற்றிலும் நாக்கை மடக்கி, பள்ளிக்கூடத்தைப் பழ்ழிக்கூடம் என்று சொல்லி இன்னும் கேவலப்பட்டான். பிறகு அதைவிட நல்ல வழி கண்டுபிடித்தான், அந்தச் சொற்களையே தொடாமல் இருப்பது. கீழே என்று சொல்ல மாட்டான், அடியில் என்பான். எழுதிக்கோங்க இல்லை, குறிச்சுக்கோங்க. வாழ்த்து இல்லை, கங்கிராட்ஸ். பழக்கடையில் கையைக் காட்டி, அது ஒரு டஜன். வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றினாலும் தூறல். போன வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு மேனேஜருக்குப் போன் செய்து, சார், கொஞ்சம் தூறலா இருக்கு, இன்னிக்கு வர முடியல என்றவன் அவன். மேனேஜர் அதை இன்றுவரை மறக்கவில்லை.

அப்படி ஒரு நாளைக்கு எத்தனையோ சொற்களைச் சுற்றிக்கொண்டு போகலாம், ஒரு மனுஷியை எப்படிச் சுற்றிக்கொண்டு போவது? எட்டு மாதமாக குழலிக்குப் பக்கத்து மேஜை. ஒரு தடவைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏங்க. இங்க பாருங்க. ஒரு நிமிசம்ங்க. அவள் திரும்பாவிட்டால் மேஜையைத் தட்டுவான். பிறந்தநாள் அட்டையில் எல்லோரும் பெயர் போட்டு வாழ்த்த, இவன் கேக் படம் மட்டும் வரைந்தான். ஒருநாள் கேண்டீனில் அவள் யாரிடமோ, அந்தப் பையனுக்கு என்னவோ என் மேல ஒரு இது, மூஞ்சி குடுத்தே பேச மாட்டேங்கறான் என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போனான், அதுவும் அவள் சொன்னதுக்குச் சாட்சி மாதிரி ஆகிவிட்டது. தலைக்கனம் என்று நினைக்கிறாளே என்று வருத்தமாக இருந்தது, பிறகு அதுவே ஒரு நிம்மதியாகவும் இருந்தது, தலைக்கனம் என்றால் பரவாயில்லை, அது படித்தவனுக்கு வரும் வியாதி. இப்போது டம்ளருக்குள் அவள் கிடக்கிறாள். தள்ளியதும் இவன்தான், அதுதான் வேதனை. அரைமணிக்கு முன் எரியும் கண்ணோடு பேய் வந்து நின்றபோது, நீளமாகச் சொன்னால்தானே ஆபத்து, சுருக்கமாக முடித்துவிடலாம் என்று, "பேயே, ஒளி!" என்று கத்தினான். சொல்ல நினைத்தது ஒழி. தொலை என்று ஒரு அருமையான சொல் இருக்கிறது, அதில் ஒரு சிக்கலும் கிடையாது, அது பேய் கண்ணுக்கு மறைந்த பிறகு நிதானமாக வந்து நின்றது. "சரி, பேய் ஒளிஞ்சுக்கிச்சு" என்றார் நந்தகோபன். "கண்ணாமூச்சியா! மச்சான், கண்ண மூடிக்கினு எண்ணு" என்று ஷாகுல் துள்ளினான். எல்லோரும் சிரித்துக்கொண்டே பேயைத் தேடினார்கள். கிணற்றடியில் தேடப் போன குழலிக்குப் பகடையில் ஒன்று விழுந்தது. கிணற்றுக்குப் பின்னால் ஒளிந்திருந்த பேய் முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டது.

இஞ்சி நசுக்கும் வாசனை வந்தது. இஞ்சி போட்டால் கொதித்துவிட்டது என்று அர்த்தம். வேறு என்ன சொல்லிக் கூப்பிடலாம்? குழல் என்றால் கூந்தல், கூந்தலி என்று கூப்பிடலாமா? ஷாம்பூ விளம்பரம் மாதிரி இருக்கும். புல்லாங்குழல், சீ, அதற்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடி போட்டவங்களே? மேடம்? உள்ளே கிடக்கிறவளுக்குத் தன் பெயர்தான் என்று தோன்ற வேண்டுமாம், மேடம் என்றால் யாருக்குத் தோன்றும், எல்லோருக்கும் தோன்றும். தொண்டை கட்டிவிட்டது என்று சைகை காட்டலாம். வயிற்று வலி என்று எழுந்து போய்விடலாம், ஆனால் அப்படிப் போனால் அவள் செத்துவிடுவாள். சார்ட் பேப்பரில்தான் சாவாள், தெரியும், ஆனால் குழலி அந்த டம்ளரின் விளிம்பில் விரலை வைத்துக்கொண்டிருக்கிற விதம் சார்ட் பேப்பர் விஷயம் மாதிரி தெரியவில்லை. சரி, சொல்லிவிடுகிறான் என்றே வைத்துக்கொள்வோம். குளலி. அதற்கு என்ன பொருள்? ஒன்றுமில்லை. பொருள் இல்லாத மந்திரம் காற்றில் கரையும். இல்லை, நந்தகோபன் அப்படி விடமாட்டார், குளவி என்று எடுத்துக்கொள்வார், கிணற்றிலிருந்து குளவிக்கூட்டம் கிளம்பும், ஷாகுல் எழுந்து நின்று கையை வீசிக் குளவி விரட்டுவான், எல்லோரும் சிரிப்பார்கள், பிறகு சிரிப்பு நிற்கும். நிற்கும் இடம்தான் பயம். இதில் என்ன சிலேடை என்று யோசிப்பார்கள். அவள் சாகும்போது கூடவா இவனுக்கு வேடிக்கை என்று யோசிப்பார்கள். அல்லது ஒரு சிலேடையும் இல்லை, இவனுக்கு அவ்வளவுதான் வரும் என்று அப்போது விளங்கும், களி விளங்கும், வளி விளங்கும், ஒளி விளங்கும், அந்தக் கனமான கை முதுகை விட்டு எடுபடும்.

பாக்கெட்டுக்குள் போன் அதிர்ந்தது. அப்பா. ஞாயிற்றுக்கிழமை கடையில் அடுப்பு அணைத்த நேரம். எடுக்கவில்லை. எடுத்தால் எழுந்து பால்கனிக்குப் போக வேண்டும், யார் காதிலும் விழாத இடத்துக்கு. அலுவலகத்திலும் அப்படித்தான், படிக்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு அந்தப் பக்கம் போய்த்தான் பேசுவான், அப்பா சத்தமாகப் பேசுவார், போனுக்கு வெளியே கேட்கும். அங்க மளையாடே, இங்க ஒரு பொட்டு இல்ல. எம் மகன் ஏளாவது மாடியில வேல பாக்கான், என்று அவர் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார், ஏளாவது என்பதை அழுத்திச் சொல்வார், அந்த ளகரத்தில் எவ்வளவு பெருமை. அந்தப் பெருமையை மறைக்கத்தான் இவன் படிக்கட்டுக்கு ஓடுகிறான். இந்த நினைப்பில் வந்து எப்போதும் முட்டிக்கொள்வான், அங்கிருந்து திரும்பிவிடுவான். இன்றைக்குத் திரும்ப இடமில்லை, எதிரே டம்ளர். இருபத்துமூன்று வயதில், எண்ணெய்ச் சட்டி முன் நின்று காய்ந்த ஒரு மனிதர் படிக்க வைத்த படிப்பைப் படித்துவிட்டு, அவர் பேசுகிற மாதிரி பேசிவிடுவோமோ என்று பயந்துகொண்டிருக்கிறான். போன் அதிர்ந்து அதிர்ந்து அடங்கியது.

"வடிகட்டப் போறேன்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நந்தகோபன் ஒரு கையில் பாத்திரமும் மறு கையில் வடிகட்டியுமாகச் சமையலறை வாசலில் வந்து நின்றார். அவர் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. "பகடையைப் போடு." போட்டான். உருண்டு சேவுப் பொட்டலத்தில் இடித்து நின்றது. நல்ல எண். பகடை அவனைக் கைவிடவில்லை, இனிமேல் எல்லாம் வாய்தான். "கூப்பிடு." ஷாகுல் மெல்லுவதை நிறுத்தினான். குழலி டம்ளரைப் பார்க்காமல் இவனைப் பார்த்தாள். நாக்கை மடக்கினான், மேலே கொண்டுபோனான், தொடாதே, தொடாதே.

"குளலி."

தொட்டுவிட்டது.

வெளியே ஏதோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது. நந்தகோபன் தலையைச் சாய்த்து அந்தச் சொல்லை வாய்க்குள் போட்டுச் சுவைப்பதுபோல் பார்த்தார். "குளலி... குளலி. குளத்து எலியா? குளவியா? பிடிபடலையேப்பா. இது என்ன சிலேடை?"

இருந்தது, ஒரு கதவு திறந்துதான் இருந்தது. குளவிதான் அண்ணே என்று சொல்லிவிட்டால் போதும். பெத்துராஜ் அந்தக் கதவைப் பார்த்தான். அதற்குப் பின்னால் பொங்கல் விழா மேடை தெரிந்தது, மைக் தெரிந்தது, முன்வரிசை தெரிந்தது.

"சிலேடை இல்லண்ணே" என்றான். "எனக்கு வராது."

"எது வராது?"

"அந்த எழுத்து. அன்னைக்கும் அப்படித்தான். களின்னு சொல்ல நினைச்சுத்தான் களின்னு சொல்லிட்டேன்."

நந்தகோபன் குழம்பிப்போய் ஷாகுலைப் பார்த்தார். "அதைத்தானே நானும் குடுத்தேன்? களிதானே கேட்ட?"

"அந்தக் களி இல்லண்ணே. நான் சொன்னது கம்பு."

"கம்பங்களியா?"

"ஐயோ, குச்சிண்ணே! குச்சி! கையில பிடிக்கிற குச்சி!"

 ஷாகுலின் மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது, சேவு புரையேறி, இருமி, தரையைத் தட்டி, "கம்பங்களியாம்... இவுரு கேக்குறாரு பாரு" என்று அழுதுகொண்டே சிரித்தான். நந்தகோபன் சிரிக்கவில்லை. அவருக்குள் ஒவ்வொன்றாக விளங்கிக்கொண்டிருப்பது முகத்தில் தெரிந்தது, கல்பூதம் விளங்கியது, பேய் விளங்கியது. "அப்போ அந்தக் கல்லு வந்து... வழி..." என்று ஆரம்பித்தவர், கையில் இருந்த டீப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குலுங்க ஆரம்பித்தார். பெத்துராஜ் தரையைப் பார்த்தான். இது அந்த அரங்கத்துச் சிரிப்பா, வேறு சிரிப்பா? காதால் கண்டுபிடிக்க முடியவில்லை. காதுமடல் சுட்டது. அப்போதுதான் இன்னொரு சத்தம் கேட்டது. டம்ளரின் உள்பக்கம் நகம் உரசும் சத்தம். குழலி இரண்டு விரலை உள்ளே விட்டுச் சிவப்புக் காயை எடுத்து, கிணற்றடியில் வைத்தாள்.

"வந்துட்டேன்" என்றாள்.

"ஏய் இரு இரு" என்றார் நந்தகோபன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "சரியா சொல்லலையே. விதி விதிதான்."

"விதி என்ன? என் பேருதான்னு எனக்குத் தோணணும். தோணிச்சு."

"குளலியா?"

"எங்கம்மா அப்பிடித்தான் கூப்பிடறாங்க. சோழவந்தான் ஊரு அவங்களுக்கு, அவங்க வாயில அது சோளவந்தான்தான். இந்தப் பேரை ஆசைப்பட்டு வச்சதே அவங்கதான். வச்சவங்களே குளலின்னு கூப்பிடறாங்க. இப்ப என்ன, அவங்களையும் கிணத்துல தள்ளிவிட்டுருவீங்களா?"

நந்தகோபன் விதி எழுதிய தாளை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, "தள்ள முடியாதுதான்" என்றார். "மேல வந்துட்டா. உடம்பெல்லாம் பாசி. வாள் கையிலேயே இருக்கு." காயைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் போட்டார்.

குழலி பெத்துராஜ் பக்கம் திரும்பினாள். "எட்டு மாசமா ஏங்க, இங்க பாருங்கன்னு டேபிளைத் தட்டறீங்களே, இதுக்குத்தானா? நான் உங்களுக்கு என் பேரே தெரியாதுன்னு நினைச்சேன். இல்லைன்னா என்னைப் பிடிக்காதுன்னு."

"ஐயையோ, அப்படியெல்லாம் இல்லீங்க."

"பேரைச் சொல்லுங்க."

"அப்படியெல்லாம் இல்ல குளலி." இரண்டாவது தடவை சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. நாக்கு தொட்டது, தொட்ட இடத்தில் ஒன்றும் நடக்கவில்லை, கூரை இடிந்து விழவில்லை, குளவி கிளம்பவில்லை, அவள் ம் என்றாள், அவ்வளவுதான். இதற்காகவா எட்டு மாதம். தோளில் எதையோ தூக்கிக்கொண்டே நடந்துவிட்டு, வீட்டுக்கு வந்து பார்த்தால் மூட்டைக்குள் பஞ்சு இருந்த மாதிரி இருந்தது. "மச்சான்" என்று ஷாகுல் கண்ணீரைத் துடைத்தான். "நான் ஏன் திருடன் வேசம் எட்த்தேன்னு நினிக்கிற? திருடன் பேச வேணாம்டா. நம்ம ராயபுரத்துல வாயப்பயம். நான் மந்திரவாதியா வந்தா கோட்ட கதவு, வயி, வயின்னு எவ்ளோ கத்துனாலும் தொறக்காது." நந்தகோபன் டம்ளரைத் தூக்கிக்கொண்டு போய்க் கழுவி டீ ஊற்றிக் கொண்டுவந்தார். கிணற்று டம்ளர் பெத்துராஜின் பங்குக்கு வந்தது. கொடுத்துவிட்டு அவன் முதுகில் தட்டினார், அதே கனமான கை. "டேய், பொங்கலுக்கு நீதான் பேசற. இதையே சொல்லு. கம்பங்களியை விட்டுடாதே" என்றார். முடியாது என்று சொல்லலாம் என்று தோன்றியது, முடியும் என்றும் தோன்றியது, இரண்டும் சம்மதமாக இருந்தது. டீயில் இஞ்சி தூக்கலாக இருந்தது. அது நல்ல சூட்டோடு தொண்டையில் இறங்கியது.

மறுபடி போன் அதிர்ந்தது. எழுந்திருக்கப் போனவன், எழுந்திருக்காமல் உட்கார்ந்த இடத்திலேயே எடுத்தான். ஜன்னலுக்கு வெளியே எப்போதிலிருந்து என்று தெரியவில்லை, பெய்துகொண்டிருந்தது, எதிர் வீட்டு மாடிக் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுகிற அளவுக்கு. குழலி அதைப் பார்த்துவிட்டு, டம்ளருக்குப் பின்னால் சிரிப்பை மறைத்துக்கொண்டு, "வெளிய என்னங்க, தூறலா?" என்றாள். போனுக்குள் அப்பாவின் குரல் எல்லோர் காதிலும் விழும்படி அங்க எப்படிடே இருக்கு என்று கேட்டது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பதில்தான்.

"மளை" என்றான் பெத்துராஜ். "நல்ல மளை."